கதவோர நாற்காலி

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது, காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, கீபோர்டில் ஒரு கை ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட அந்த விரல் திடீரென்று எழும். எழுந்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அக்காவின் தலை லேசாக ஒரு பக்கம் திரும்பும், கண் எதையும் பார்க்காது. அப்புறம் விரல் இறங்கும். விட்ட சொல்லிலிருந்து பேச்சு தொடரும், நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி.

முதன்முதலில் அந்த விரல் எனக்கு நேராக எழுந்தபோது கோபம்தான் வந்தது. எங்கள் மாதா கோயில் பாடற்குழுவில் நான் சேர்ந்த புதிது. குழுவுக்கே அக்காவான அவர்தான் கீபோர்டு வாசிப்பார், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், பாட்டுகளைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் சேர்த்து முழுப் பாட்டாக்குவதும் அவர்தான். நான் ஏதோ சந்தேகம் கேட்கிறேன், பாதிக் கேள்வியில் விரல். "இவங்க என்னா பெரிய இவங்களா?" என்று பக்கத்தில் நின்ற பெரியவரிடம் முணுமுணுத்தேன். பெரியவர் என்று நான் சொல்வது எங்கள் ஆண்கள் வரிசையில் மூத்தவரை. போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அவங்க மம்மா பின்னாடி பெஞ்சுல ஒக்காந்திருக்காங்க பாரு. எழுந்துட்டாங்களான்னு காது குடுக்கறாங்கப்பா. நீ வேற" என்றார் பெரியவர்.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் புடவை, கழுத்துவரை மூடிய ஜாக்கெட், மடியில் கைப்பை. அக்காவின் அம்மா, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். பாதி ஊர் அவரிடம் படித்தது, அவர் ஞாபகத்தில்தான் அதில் ஒருவர்கூட மிச்சமில்லை. ஒன்று மட்டும் மறக்கவில்லை: பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. எந்நேரமும் நேரமாகிவிட்டது. கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் கிளம்பும் சத்தத்தைப் பிடிப்பதுதான் அக்காவின் வாழ்க்கையாக இருந்தது. கல்யாணம் இல்லை. ஒரே தம்பி, பிரான்சில் குடும்பத்தோடு இருந்தார். அக்காவுக்கும் அங்கே போவதற்கான காகிதமெல்லாம் சரியாக இருந்தது. போக முடியாததற்குக் காரணம் கைப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அந்தத் தம்பி ஒரு லீவுக்கு வந்தபோது இரண்டு கறுப்புப் பெட்டிகளைத் துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர்கள். நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அந்த ஒரு பாவத்துக்காக எங்கள் கோயில் பங்கில் யார் வீட்டில் ஒயர் புகைந்தாலும் என் போன்தான் அடிக்கும். அக்காவும் அடித்தார்.

"தம்பி வாங்கியாந்தத மாட்டிட்டேன்பா. போட்டதும் ம்ம்ம்னு ஒரே முனகலா முனகுது."

போய்ப் பார்த்தேன். பிரான்சு பிளக்கை நம்மூர் சாக்கெட்டில் அழுத்திச் சொருகி வைத்திருந்தார். இரண்டு உருண்டைப் பின்னும் எப்படியோ உள்ளே போய்விட்டன, எர்த்து மட்டும் சேரவில்லை. முனகாமல் என்ன செய்யும்? அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்கு மாட்டும் நம்மூர் மூன்று பின் கேபிளைப் போட்டேன். கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து நேராக எடுத்தால் இரைச்சல் வருமென்று நடுவில் ஒரு சின்ன ஆடியோ பெட்டி வைத்தேன். அதிலிருந்து ஸ்பீக்கருக்கு ஆளுக்கொரு ஒயர், இடது வலது பார்த்து. முனகல் நின்றது. கடை ஸ்பீக்கர் எதைப் போட்டாலும் கொஞ்சம் சர்க்கரை தூவித் தரும். மானிட்டர் அப்படியில்லை, யார் சுதி விலகினார், யார் பாட்டுக்கு நடுவே எச்சில் விழுங்கினார் என்பதுவரை சொல்லிவிடும். பெரியவர் இருமலை அடக்கிய இடம் தெளிவாகக் கேட்டது. அக்கா சிரித்தார்.

நான் அதோடு நிற்கவில்லை. எதைச் செய்தாலும் முழுசாகச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் பெட்டிகளை வைத்தேன். அடியில் ஸ்பஞ்சு கொடுத்தேன், காது உயரத்துக்குத் தூக்கினேன். ஒரு சரட்டை எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே அளந்து, அதே அளவுக்குப் பின்னால் இழுத்து, மூன்று பக்கமும் சமமாக வரும் இடத்தில் தரையில் வெள்ளை டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன்.

"இங்கதான்கா நாற்காலி. அந்தாண்ட இந்தாண்ட நகத்தக் கூடாது. இங்க ஒக்காந்தாதான் ரெண்டு பக்கமும் சமமா கேக்கும்."

"சரிப்பா" என்றார், நல்ல பிள்ளை மாதிரி.

கிளம்பும்போது வாசல் கதவைத் திறந்தேன். தாழ்ப்பாள் க்ரீச்சென்று கத்தியது. என் பையில் எப்போதும் ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி இருக்கும். எடுத்து மூடியைத் திருகியதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஓடிவந்து அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு வலு அந்தக் கையில் இருக்குமென்று நினைக்கவில்லை.

"எண்ணெ போடாத! அது கத்தணும். அது கத்தறதாலதான் நான் உள்ள ரூம்ல ஒக்காந்திருக்கேன்."

அடுத்த வாரம் போனால் நாற்காலி டேப்பின் மேல் இல்லை. மேசைக்கு வலப்புறம், அறைக்கதவை ஒட்டிக் கிடந்தது. நான் எடுத்து நடுவில் போட்டேன். அதற்கடுத்த வாரம் மறுபடியும் கதவோரம். மறுபடியும் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வாயில்லாத அந்த நாற்காலி போய்ப் போய் வந்தது. இனி இவர் பாடு என்று நானும் விட்டுவிட்டேன், உள்ளுக்குள் புகைந்துகொண்டே. சரடு போட்டு அளந்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

அந்த வருடம் கிறிஸ்மஸ் பாட்டுகள் வெளிவந்தபோது எங்கள் ஆண்கள் வரிசையில் கலகமே மூண்டது. எங்கள் கோயிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம் உட்காருவது வழக்கம். அக்கா பாட்டிலும் அதே மாதிரிதான் வைப்பார்: பெண்கள் குரல் இடது ஸ்பீக்கரில், ஆண்கள் குரல் வலதில், தனியாகப் பாடும் அவர் குரல் நடுவில். இந்தத் தடவை இடப்பக்கம் பெண்கள் முழங்குகிறார்கள், வலப்பக்கம் நாங்கள் போர்வைக்குள் பாடுவது போல் இருக்கிறோம். தொண்டை கட்டும்வரை பாடியவர்கள் நாங்கள்.

"ஆம்பள குரல்னாலே அவங்களுக்கு ஆவாதுப்பா. என் பொண்டாட்டி கேட்டுட்டு, நீ ரெக்கார்டிங்குக்குப் போனியா இல்ல வேற எங்கனா போனியான்னு கேக்கறா" என்றார் பெரியவர்.

நான் சண்டை போடும் உத்தேசத்தில்தான் போனேன். அக்கா கதவோர நாற்காலியில் இருந்தார். சத்தத்தைப் பேச்சுக் குரல் அளவுக்கு இறக்கி வைத்திருந்தார். கூடத்தில் மம்மா ஏதோ பிரெஞ்சில் தனக்குத் தானே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அக்காவின் ஒரு காது ஸ்பீக்கர் பக்கம், ஒரு காது கூடத்தின் பக்கம். பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் குரல் வரும் வலது ஸ்பீக்கர் அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நாங்கள் அவருக்கு மட்டும் ஓங்கிக் கேட்டோம், அதனால் எங்களைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். நாற்காலி கதவுப் பக்கம் போனதால் பாட்டு மொத்தமும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது.

"அக்கா, இதுக்கு ஹெட்போன் போட்டே செய்யலாமே. எங்க ஒக்காந்தாலும் சரியா கேக்கும்."

விரல் எழுந்தது. காத்திருந்தேன். இறங்கியது.

"போட்டேன்பா. முன்ன ஹெட்போன்லதான் செஞ்சிட்டிருந்தேன். ஒரு நாள் காலைல ஒரு பாட்டு நல்லா அமைஞ்சுது. அப்படியே உள்ள போயிட்டேன். கழட்டிப் பாத்தா வாசக்கதவு தொறந்து கெடக்குது."

மம்மாவைக் கண்டுபிடித்த இடம் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். ஏலம் நடந்துகொண்டிருக்கிற நேரம். மீன்தண்ணீரில் செருப்பு மூழ்க நடுவில் போய் நின்றுகொண்டு, கைப்பையைத் தட்டி, "சிலான்ஸ்!" என்று அதட்டியிருக்கிறார். வகுப்பில் சத்தம் போட்டால் அவர் சொல்லும் பிரெஞ்சுச் சொல், அமைதி என்று. ஏலம் கேட்டவர்கள் யாரோ பெரிய ஆபீசரம்மா என்று நினைத்து நிஜமாகவே அடங்கிப்போய் நின்றிருக்கிறார்கள். அப்புறம் ஒரு மீன்கார அம்மாள் விவரம் புரிந்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டாராம். அக்கா அந்த அதட்டலை அப்படியே நடித்துக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கூடத்தை எட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு ஒரு லாரி வந்திருந்தா? அதுலேருந்து ஹெட்போன்னாலே எனக்கு ஆவல. தம்பிகிட்ட ஸ்பீக்கர்தான் கேட்டேன். நல்ல சத்தம் வேணும்னு கேட்டேன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. காது ரெண்டும் தொறந்திருக்கணும்னுதான் கேட்டேன்."

"கதவப் பூட்டிடலாமேக்கா?" என்றேன். இதை அவரிடம் சொல்லாதவர் யாருமில்லை போலிருக்கிறது.

"ஒரு நாள் பூட்டினேன். கதவாண்ட நின்னு தட்டிக்கிட்டே இருந்தாங்கப்பா, சாயங்காலம் வரைக்கும். என்னை ஏன் ஜெயில்ல வெச்சிருக்கன்னு அழுவறாங்க. பூட்டினா அவங்களும் உள்ள, நானும் உள்ள. பூட்டலன்னா நான் மட்டுந்தான். ஒரு வூட்டுக்கு ஒருத்தர் போதும்."

சண்டை போட வந்ததை விட்டுவிட்டுக் கிளம்பினேன். வெளியே வந்து வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் தெருவில் நின்றேன். பிரான்சிலிருந்து ஸ்பீக்கர் கொண்டுவந்த தம்பி மேல் கோபம் வந்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போனவர் ஒரு மாதம் கூட இருந்திருக்கலாம். அந்த டீச்சரம்மாள் மேல்கூட வந்தது, தப்பென்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெரியவரிடம், கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன்.

"அக்கா, நான் வாசக்கதவாண்ட ஒக்காந்துக்கறேன். மம்மாவ நான் பாத்துக்கறேன். நீங்க ஒரே ஒரு பாட்டு, டேப்பு மேல நாற்காலியப் போட்டுக் கேளுங்க."

வேண்டாம், வேண்டாம் என்றார். நான் ஒரு ஸ்டூலை எடுத்துத் தாழ்ப்பாளுக்கு முதுகைக் கொடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். எதிரே மம்மா. கைப்பையை மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த கிளாஸ் நீ?"

"ஆறாவது டீச்சர்."

"அப்ப ஏன் வெளிய ஒக்காந்திருக்க? பாடம் படிச்சியா?"

"இல்ல டீச்சர்."

"அதான்" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, பாடம் படிக்காதவனுக்குக் காவலாக அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் அவரை விடமாட்டேன், அவர் என்னை விடமாட்டார். அங்கிருந்து பார்த்தால் அறையில் அக்காவின் முதுகு தெரிந்தது.

மாதா பாட்டு ஒன்றைப் போட்டார். முதல் அடியை அவர் தனியாக எடுக்க, நாங்கள் வாங்கிப் பாடும் பாட்டு. பாட்டு தொடங்கியதும் அவர் முதுகு நிமிர்ந்தது. மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து இடது பெட்டியைப் பார்த்தார், வலது பெட்டியைப் பார்த்தார்.

"ஏம்பா, நடுவுல இன்னொரு ஸ்பீக்கர் வெச்சியா?"

"இல்லக்கா, ரெண்டுதான்."

"அப்ப என் குரல் எங்கேருந்து வருது?"

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன். ஒரே குரல் இரண்டு பெட்டியிலும் சமமாக வந்தால், சரியாக நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பெட்டியிலிருந்து வருவது போலத் தோன்றாது, நடுவில் ஆள் நின்று பாடுவது போலத் தோன்றும். கதவோரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துப் பெட்டிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அவர் தன் குரலை இத்தனை நாளும் அந்த வலது பெட்டிக்குள்தான் கேட்டிருக்கிறார்.

அக்கா நேராக முன்னால் பார்த்தார். இரண்டு பெட்டிக்கும் நடுவே ஜன்னல்தான் இருந்தது. திறந்த ஜன்னல், அந்தப் பக்கம் தெரு, தெருவில் வெயில். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை விரல் எழவில்லை. அவர் விரல் எழாமல் ஒரு முழுப் பாட்டு முடிந்ததை நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

"நான் வெளிய நிக்கறேன்பா" என்றார், திரும்பாமல். "ஜன்னலுக்கு அந்தாண்ட நின்னு பாடறேன். நல்லா பாடறேன்."

ஒவ்வொரு ஞாயிறும் வந்து உட்காருகிறேன் என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன், வந்திருக்கவும் செய்வேன். அக்கா எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் போட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்பா. பழகிடும்."

அப்புறம் நான் எத்தனை தடவை கேட்டும் அவர் சம்மதிக்கவில்லை. பாட்டுகள் இடப்பக்கம் சாய்ந்தபடியே வந்தன, நாங்களும் போர்வைக்குள் பாடியபடியே இருந்தோம்.

மம்மா ஒரு மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போனார். எங்கும் கிளம்பிப் போகவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டுக்குப் போனேன். நாற்காலி கதவோரம்தான் கிடந்தது. அக்கா கேட்கும் முன்பே தூக்கிக்கொண்டு போய் நடுவில் போட்டேன். டேப் பாதி உரிந்து கறுத்திருந்தது, ஆனாலும் இடம் தெரிந்தது.

"இனிமே இங்கயே ஒக்காருங்கக்கா."

"சரிப்பா" என்றார், முதல் நாள் சொன்ன அதே குரலில்.

கொஞ்ச நாளில் தம்பி கூப்பிட்டுக்கொண்டார். ஸ்பீக்கர்களை நான்தான் கழற்றி, ஒயர்களைச் சுற்றி, இடது எது வலது எது என்று பின்பக்கம் எழுதி, அவர் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கட்டினேன். அந்த ஊருக்கு அந்த ஊர்ப் பிளக்கு, முனகாது என்றேன். காரில் ஏறும்போது, "அங்க போயாவது நடுவுல ஒக்காருங்க" என்றேன். "ஒக்கார்றேன்பா, எனக்கு இனிமே என்னா வேல" என்று சிரித்தார். எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. சிறையிலிருந்து ஒருவரை வழியனுப்பிய மாதிரி வீட்டுக்கு வந்தேன். அந்த வீட்டை இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியாக்கிவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஒருவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சத்தமே இல்லை.

இந்த வருடம் கிறிஸ்மஸ் பாட்டுகளை நாங்கள் இங்கே பாடிப் பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பினோம். தான் பாட வேண்டியதை அங்கேயே பாடி, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புகிறேன் என்றார். சின்ன அறைதான், ஸ்பீக்கர் ரெண்டும் நல்லா உட்கார்ந்துடுச்சு என்று எழுதியிருந்தார். பாட்டு வந்த அன்று பெரியவர்தான் முதலில் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"கேட்டியாப்பா? நம்ம ஆளுங்க குரல் கணீர்னு வருது! என் இருமல்கூட கேக்குது! அக்கா பிரான்சு போயி நியாயமா மாறிட்டாங்கப்பா. பொம்பளைங்கதான் இப்ப எங்களக் காணோம்னு மூஞ்சத் தூக்கிக்கிட்டிருக்காங்க."

என் வீட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சொன்னது நிஜம். வலப்பக்கம் நாங்கள் முழங்கினோம், இடப்பக்கம் பெண்கள் போர்வைக்குள் போய்விட்டிருந்தார்கள். முதலில் என் ஒயரைத்தான் சந்தேகப்பட்டேன். இடது வலது மாறியிருக்குமோ என்று பின்னால் போய்க் கழற்றிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மாறியிருந்தால் பெண்கள் அல்லவா வலப்பக்கம் வந்திருக்க வேண்டும். அவரவர் அவரவர் இடத்தில்தான் இருந்தார்கள். பாட்டுதான் சாய்ந்திருந்தது, இந்தத் தடவை எங்கள் பக்கம்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. ரொம்ப நல்லா வந்திருக்குக்கா என்று அவருக்கு எழுதி அனுப்பினேன். பெரியவரிடம் எதையும் சொல்லவில்லை, அவர் சந்தோஷமாக இருக்கட்டும்.

பிரான்சில் அக்காவின் அறைக்குக் கதவு இடப்பக்கம் இருக்கிறது.